கீசகன் ஏறிய கப்பல்: வட சிலாங்கூர்த் தோட்டங்களும் ஊமைப்பட வணிகமும்

    

தலைப்பைப் பார்த்ததுமே இது எந்த வழக்கு என்று அவையில் பலருக்குத் தெரிந்திருக்கும். மலேசியத் தமிழர் வாழ்வில் சினிமா எப்போது நுழைந்தது என்று கேட்டால் நம் ஆய்வாளர்கள் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். பட்டணங்களுக்குப் பேசும்படத்தோடு வந்தது. தோட்டங்களுக்கு அதற்கும் பிந்தி, போருக்குப் பிறகு, அரசாங்க வேன் வந்து திடலில் வெள்ளைத்துணி கட்டியபோதுதான் வந்தது என்பார்கள். ஊமைப்படக் காலம் சென்னைக்கும் பம்பாய்க்கும் உரிய கதை, பால்மரக் காட்டுக்குள் அதற்கு வேலையில்லை என்பது இதன் உட்கிடை. கட்டுரைக்குக் கட்டுரை இது முன்னுரையில் ஒரு வரியாக வருகிறது. ஆதாரம் கேட்டால் முந்தைய கட்டுரையைக் காட்டுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை என்பதை நண்பர்கள் அறிவார்கள். கருத்தரங்கின் பத்து நிமிடத்தில் அடங்காத மறுப்பு இது. இன்று ஒரு மணி நேரம் கிடைத்திருப்பதால் முழுதாகவே வைக்கிறேன்.

என் முதல் சாட்சி ‘கீசக வதம்’. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படம் என்ற அளவில் அதை எல்லோரும் ஒரு முறை பெயர் சொல்லிக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதன் கணக்கை யாரும் படிப்பதில்லை. எடுத்தவர் ஆர். நடராஜ முதலியார். சென்னையில் முதலில் சைக்கிளும் பிறகு மோட்டார் வண்டிகளும் விற்றவர். அதாவது கப்பலில் சரக்கு வருவதும் போவதும் தெரிந்த வணிகர். கர்சன் பிரபுவைப் படமெடுத்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் பூனாவில் தொழில் கற்றார். தஞ்சாவூர் மூப்பனார் ஒருவரிடமிருந்து கையால் சுற்றும் வில்லியம்சன் காமிராவை 1,800 ரூபாய்க்கு வாங்கினார். கீழ்ப்பாக்கத்தில் மில்லர்ஸ் சாலையில் ஒரு பங்களாவில் இந்தியா பிலிம் கம்பெனியைத் தொடங்கினார். திறந்தவெளியில் வெள்ளைத்துணியைக் கட்டி, அதில் வடிந்த வெயிலே விளக்காகப் படம் பிடித்தார். சென்னையின் வெக்கையில் பிலிம் கழுவ முடியாமல் பெங்களூரில் அதற்கென ஓர் ஆய்வுக்கூடம் வைத்தார். சுகுண விலாச சபையின் சி. ரங்கவடிவேலு உதவிக்கு வந்தார். ராஜு முதலியார் கீசகன், ஜீவரத்தினம் திரௌபதி. 35 நாளில் வேலை முடிந்தது. நீளம் 6,000 அடி, செலவு 35,000 ரூபாய், வசூல் 50,000 ரூபாய். படம் வெளிவந்த ஆண்டு 1916 என்றும் 1917 என்றும் 1918 என்றும் அச்சில் மூன்று வகையாக வருகிறது. அந்தச் சண்டையில் நான் தலையிடப் போவதில்லை. என் வாதத்துக்கு மூன்றில் எதுவானாலும் போதும்.

அந்த 50,000 ரூபாய் எங்கிருந்தெல்லாம் வந்தது என்பதுதான் கேள்வி. இந்தியாவில் ஓடிய பிறகு படம் பர்மாவுக்குப் போனது, இலங்கைக்குப் போனது, சிங்கப்பூருக்குப் போனது. கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் வந்தது. கூட்டு மலாய் மாநிலங்கள் என்றால் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்குதான். தமிழ் சினிமா என்று நாம் சொல்லும் தொழிலின் முதல் வரவுசெலவிலேயே நம் நாட்டுக் காசு இருக்கிறது. சென்னையில் பிறந்து வளர்ந்து, பிறகு அயலகத் தமிழரைத் தேடி வந்த தொழில் அல்ல இது. பிறக்கும்போதே கடல் தாண்டிய ரசிகனை எண்ணிப் பிறந்த தொழில். படத்தின் பிழைப்பு சென்னை எல்பின்ஸ்டன் தியேட்டரோடு முடிந்திருந்தால் போட்ட முதலாவது தேறியிருக்குமா என்பதே ஐயம். நடராஜ முதலியாரின் லாபம் மொத்தம் 15,000 ரூபாய். இந்தக் கப்பல் பயணங்களை அழித்துவிட்டுப் பார்த்தால் அதில் எவ்வளவு நிற்கும் என்று சினிமா வரலாற்றாசிரியர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இங்கேதான் நண்பர்கள் குறுக்கிடுவார்கள். கூட்டு மலாய் மாநிலங்கள் என்றால் கோலாலம்பூரும் ஈப்போவும்தானே, ரயில்வே கிராணிமாரும் செட்டியார் கடைப் பிள்ளைகளும் பார்த்திருப்பார்கள், கோலசிலாங்கூர்ப் பக்கம் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் லயம் என்ற தோட்டக் குடியிருப்பு வரிசையில் இருந்தவன் எங்கே பார்த்தான் என்பது அவர்களது முதல் தடை. இது படம் தோட்டத்துக்கு வந்ததா என்று மட்டும் கேட்கிறது. தோட்டம் படத்திடம் போனதா என்று கேட்க மறந்துவிடுகிறது. பத்துமலையில் தைப்பூசம் 1892 முதல் நடக்கிறது. தோட்டம் தோட்டமாகக் காவடியோடு ஜனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை தலைநகரின் வாசலில் கூடிய நாள் அது. தமிழ்நாட்டில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் கருவியும் படங்களும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் போனார். கூடாரக்காரனுக்குத் தெரிந்த நாட்காட்டி திருவிழா நாட்காட்டிதான். கூட்டம் எங்கே கூடும் என்று படத்தோடு கப்பல் ஏறி வந்த வணிகனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்ட் சுவெட்டன்ஹாம் 1901இல் திறக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆள் இறங்கிய துறைமுகம் அது. அங்கிருந்து கோலசிலாங்கூர் ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. மேலும், தோட்டத் தொழிலாளி ஒரே இடத்தில் முளைத்துக் கிடந்த ஆள் அல்ல. 1926ஆம் ஆண்டில் மட்டும் 1,70,000 பேருக்கு மேல் இந்தியாவிலிருந்து மலாயாவில் வந்து இறங்கினார்கள். ஆயிரக்கணக்கில் திரும்பியும் போனார்கள். வேலூரிலோ திருச்சியிலோ கூடாரத்தில் படம் பார்த்துவிட்டுக் கப்பலேறியவன் இங்கே லயத்தில் வந்து படுத்ததும் அதை மறந்துவிட்டான் என்று எண்ணுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

அடுத்த தடை மின்சாரம். அந்தக் காலத் தோட்டத்தில் மின்விளக்கே இல்லை, படம் எப்படி ஓடும் என்கிறார்கள். இது அவர்களுக்கே எதிரான வாதம். ஆறாயிரம் அடி என்றால் ஆறு சுருள். ஓரடிக்கு 16 சட்டகம், நொடிக்கும் 16 சட்டகம் என்று சுற்றினால் படம் 100 நிமிடம் ஓடும். சுற்றுவது ஆளின் கை. வெளிச்சத்துக்குச் சுண்ணாம்பு விளக்கே போதும். ஊர் சுற்றிய கம்பெனிகள் அதை வைத்துத்தான் பிழைத்தன. கருவி, திரை, ஆறு சுருள், எல்லாம் ஒரு மாட்டுவண்டியில் அடங்கும். பேசும்படத்துக்கோ நொடிக்கு 24 சட்டகம் பிசகாமல் ஓட வேண்டும். மோட்டார் வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், சீரான மின்சாரம் வேண்டும். விளக்கில்லாத ஊருக்கு ஏற்றது இரண்டில் எது? ஊமைப்படம் வர முடியாத இடத்துக்குப் பேசும்படம் முதலில் வந்ததாகச் சொல்வது தலைகீழ்ப் பாடம்.

மொழித் தடை ஒன்றும் உண்டு. ஊமைப்படத்தில் தமிழ் எங்கே என்பார்கள். ‘கீசக வத’த்தில் எழுத்து அட்டைகள் ஆங்கிலத்தோடு இந்தியிலும் தமிழிலும் இருந்தன, இந்தி அட்டைகளை எழுதியவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி. படிக்கத் தெரியாதவர்களுக்கு அட்டையை உரக்கப் படித்துக் கதை சொல்ல ஆள் வைப்பது அன்றைய சென்னைக் கொட்டகைகளில் வழக்கம். ஆனால் இந்தக் கதைக்கு அதுகூடத் தேவைப்பட்டிருக்காது. நம் தோட்டங்களுக்கு ஆள் வந்தது பெரும்பாலும் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கல்பட்டு, சேலம், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்து. அவற்றில் வடபகுதி முழுவதும் பாரதக் கூத்தின் மண். கீசகன் கதை வரும் விராட பருவத்தை மழை வேண்டிப் படிக்கிற ஊர்கள் அவை. திரைமேல் ஒருத்தி பூத்தொடுப்பதைக் கண்டால் அவள் யார், யாருடைய அரண்மனையில் இருக்கிறாள், அடுத்து யார் வருவான் என்று குழந்தைக்கும் தெரியும். 1931 அக்டோபரில் வந்த ‘காளிதாஸ்’ படத்தையே இவர்கள் முதல் தமிழ்ப் பேசும்படம் என்று கொண்டாடுகிறார்கள். அதில் நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். தோட்டத்துத் தமிழனுக்கு எது தன் படமாகப் பட்டிருக்கும் என்று தீர்மானிப்பதை அவையோரிடமே விடுகிறேன்.

கதையைப் பற்றி இன்னும் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. புராணப்படம் என்றாலே கூலிக்காரனைக் கவலை மறக்கச் செய்யும் மயக்கம் என்று நம் விமரிசகர்கள் ஒரு முத்திரை வைத்திருக்கிறார்கள். விராட பருவத்துத் திரௌபதி யார்? ஊரை விட்டு வந்து, பெயரை மறைத்து, அடுத்தவர் வீட்டில் வேலைக்கு நிற்பவள். கீசகன் அந்த வீட்டு அதிகாரம்; அரசியின் தம்பி, படைக்குத் தலைவன். அவள் ஓடிப்போய்ச் சபையில் முறையிடுகிறாள். சபை நடுவிலேயே அவன் அவளை உதைக்கிறான். விராடன் வாய் திறக்கவில்லை. புருஷன்மார் ஐந்து பேரும் அங்கேயே வேலைக்காரர்களாக இருந்தும் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டிய நிலை. கடைசியில் நடன மண்டபத்து இருட்டில் கட்டிலில் படுத்திருப்பது அவள் என்று எண்ணிக் கீசகன் கையை வைக்கிறான். சமையல்காரனாக இருக்கும் பீமன் எழுந்து அவனைக் கைகால் தெரியாத பிண்டமாகப் பிசைந்து போடுகிறான். இதை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தினமும் நிற்கும் பெண்ணொருத்தி பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் மூண்டபோது கூலி உயர்வோடு வைத்த கோரிக்கைகளில் தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் அதிகாரத்தில் உள்ளவர்கள் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்று. படம் பார்த்ததால் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று சொல்லும் அளவுக்கு நான் புத்தி கெட்டவன் அல்லன். ஆனால் எந்தக் கதை எந்தச் சனத்துக்கு எப்படிப் பொருள்படும் என்று கேளாமல் மயக்கம் என்று எழுதிவிடுவது விமரிசனம் ஆகாது. நாவலையும் நாடகத்தையும் இப்படித் தூக்கி எறிய இதே நண்பர்கள் ஒப்புவார்களா?

படப்பிரதி ஒன்றுகூட இல்லையே என்பது கடைசிப் புகலிடம். ‘கீசக வதம்’ அழிந்துதான் போயிற்று. தென்னிந்திய ஊமைப்படங்களில் ஏறக்குறைய எல்லாமே அழிந்தன. 1933இன் ‘மார்த்தாண்ட வர்மா’ தப்பியதுகூடக் கலை அக்கறையால் அல்ல. நாவலைப் பதிப்பித்தவர் பதிப்புரிமை வழக்குப் போட்டுப் படச்சுருளை முடக்கியதால். வழக்கு நடந்ததால் பிழைத்த ஒரு படத்தைக் கொண்டு மற்றவற்றின் இருப்பை அளக்க முடியுமா? கோலசிலாங்கூர் வட்டாரத்தில் இதற்கு வசதியான எதிர்ச்சாட்சி ஒருவர் இருக்கிறார். ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர்த் தோட்டம் போட்டு, 1917இல் தெனாமாராமில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தைத் தொடங்கிய ஹென்றி பொக்கோனியே, ‘மலேசி’ நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு பெற்றார். கோலசிலாங்கூர்த் தோட்டங்களின் கலைவரலாறு என்றால் அந்தத் துரையின் புத்தகம்தான் முதலில் நிற்கிறது. நல்ல புத்தகம்; தமிழரைப் பற்றியும் பேசுகிறது. ஆனால் அது முதலில் நிற்பதற்குக் காரணம் அது அச்சில் கிடைப்பதுதான். அதே ஆண்டுகளில் லயத்துக்காரனுக்காகக் கப்பலில் வந்த ஆறு சுருள் கிடைக்கவில்லை. ஆகவே அவனுக்குக் கலையே வரவில்லை என்று எழுதிவிட்டோம்.

பேசும்படம்தான் தோட்டத்துக்குச் சினிமாவைக் கொண்டுவந்தது என்ற கொள்கைக்குப் பொருளாதாரமும் இடம் தரவில்லை. 1920களின் இறுதியில் முக்கிய வட்டாரங்களில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயமாகியிருந்தது. 1930இல் அது 40க்கும் 32க்கும் இறங்கியது. பிறகு இன்னும் இறங்கியது. ரப்பர் விலை விழுந்து, லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் திருப்பி அனுப்பப்பட்ட ஆண்டுகள் அவை. ‘காளிதாஸ்’ வந்தபோது லயங்கள் காலியாகிக்கொண்டிருந்தன. கையில் காசு புரண்டது அதற்கு முந்திய, ஊமைப்படக் காலத்தில்.

பட விநியோகம் பற்றித் தனியாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கிச் சொல்கிறேன். பாத்தே கம்பெனி 1907இலேயே சிங்கப்பூரில் கிளை திறந்தது. 1920களின் நடுவில் ஷாங்காயிலிருந்து ரன்மி ஷாவும் அவரைத் தொடர்ந்து ரன் ரன் ஷாவும் வந்து சிறு ஊர்களுக்கெல்லாம் படம் கொண்டுபோனார்கள். லியூ பெய்ஜின் 1927இல் ‘சின் கே’ என்ற ஊமைப்படத்தைச் சீனக் குடியேறிகளைப் பற்றி எடுத்தார். 1934இல் திரையிடப்பட்ட முதல் மலாய்ப் பேசும்படம் ‘லைலா மஜ்னு’வின் முதலீடு பம்பாய்க்காரருடையது, இயக்குநர் பி.எஸ். ராஜ்ஹான்ஸும் இந்தியர். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று மூன்று சினிமா வரலாறுகளைத் தனித்தனியாக எழுதும் பழக்கத்தை இந்தப் பெயர்களே கேள்விக்குள்ளாக்குகின்றன. இதை இளைஞர் யாராவது விரித்து எழுதலாம்.

செய்ய வேண்டியவை சில. தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள சிலாங்கூர்ச் செயலகக் கோப்புகளில் கொட்டகை அனுமதிக்கான விண்ணப்பங்களைத் தேட வேண்டும். கோலசிலாங்கூர் மாவட்ட அலுவலகக் கோப்புகளையும் அதே கண்ணோடு புரட்ட வேண்டும். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ விளம்பரங்களைத் தைப்பூச மாதத்தில் மட்டுமாவது வரிசையாகப் பார்க்கலாம். ‘மலாய் மெயில்’ பத்திரிகையில் சம்பள நாளை ஒட்டிய காட்சிகள் உண்டா என்பதைத் தனியே கவனிக்க வேண்டும். எந்தத் தோட்டத்தில் எந்தக் கூத்து ஆடினார்கள் என்று வயதானவர்களிடம் கேட்டு ஒரு பட்டியல் தயாரித்தால், படத்தின் கதைத் தேர்வோடு ஒப்பிடலாம். ஜெராம், சபாக் பெர்ணம் பக்கம் முதலில் போவது நல்லது, அங்கே தோட்டங்கள் வேகமாகக் கலைகின்றன. தோட்ட அலுவலகப் பேரேடுகளில் திருவிழாச் செலவு எழுதிய பக்கங்கள் பயன்படலாம். பங்சாவான் நாடகக் குழுக்கள் படத்தையும் நாடகத்தையும் ஒரே மேடையில் கலந்தது பற்றியும் சொல்ல வேண்டும். நேரமில்லை. கேள்வி நேரத்தில் யாராவது கேட்டால் அதற்குள் போகலாம்.