குகையும் தோட்டமும்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், லாஸ்டிக்கால் அடித்த ஆந்தையை வகுப்புக்குக் கொண்டு வந்தான். "லயத்துக்கிட்ட அலறுச்சு சார். சாவு வரும்னு பாட்டி சொன்னாங்க" என்றான். நான் திட்டவில்லை. செம்பனைக் காட்டில் ஆந்தைக்கென்று வைத்திருக்கும் பெட்டிக்குக் கீழே கிடக்கும் உருண்டைகளைப் பொறுக்கி வரச் சொன்னேன். ஆந்தை செரிக்காமல் கக்கியவை அவை. பிரித்துப் பார்த்தால் எலி மண்டை, எலி எலும்பு, எலி முடி! பையன் வாயடைத்துப் போனான்.

இலை வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. அதனால் விளைந்த செம்பனைப் பழத்தை எலி தின்கிறது. எலியை ஆந்தையும் பாம்பும் பிடிக்கின்றன. செத்ததையும் உதிர்ந்ததையும் பூச்சியும் காளானும் மண்ணாக்குகின்றன. அந்த மண்ணில் மறுபடி மரம் வளர்கிறது. இதுவே நம் தோட்டத்தின் உணவு வலை.

சரி, வெயிலே படாத இடத்தில் என்ன நடக்கும்? தைப்பூசத்துக்குப் பத்துமலையில் 272 படிகள் ஏறுகிறோமே, அந்த வழியில்தான் இருட்டுக் குகை இருக்கிறது. உள்ளே புல் பூண்டு முளைக்காது. ஆனால் உயிர்களுக்குக் குறைவில்லை. அங்கே சோறு போடுவது வௌவால் எச்சம்! வௌவால் இரவில் வெளியே போய் மேய்ந்து வருகிறது. அதன் எச்சத்தைக் கரப்பானும் மரவட்டையும் தின்கின்றன. பூச்சிகளைச் சிலந்தியும் நீண்ட கால் பூரானும் பிடிக்கின்றன. குகைப் பாம்பு வௌவாலையே பிடிக்கிறது. 1923இல் அறிவியல் உலகம் பெயரிட்ட கதவுச் சிலந்தி ஒன்று பத்துமலையின் பெயரையே தாங்கி நிற்கிறது.

பார்த்தீர்களா? இடம் மாறினால் ஆள் மாறுகிறது. ஆனால் தின்பவர், பிடிப்பவர், கழிவைத் துப்புரவு செய்பவர் என்ற வேலைகள் மாறவில்லை. உணவு சமைக்கும் பச்சிலை மட்டும் குகைக்குள் இல்லை. அதனால் குகை வெளியுலகை நம்பி வாழ்கிறது.

நாமும் குகையை நம்பித்தான் இருக்கிறோம். பத்துமலையில் தேன் குடிக்கும் வௌவால்கள் உண்டு. அவை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தள்ளிக் கடலோரச் சதுப்புக் காட்டுப் பூக்கள் வரை போய் வருவதை 1970களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். இரவில் மலரும் டுரியான் பூவுக்கு மகரந்தம் சுமப்பதும் இந்த இன வௌவால்தான். வெளியே மரத்தை வெட்டினால் குகைக் கரப்பானுக்குப் பட்டினி. குகையைக் கெடுத்தால் நம் டுரியான் மரத்தில் காய் குறையும்.

பெற்றோர்களே, ஆந்தை சாவைக் கொண்டு வருவதில்லைங்க, எலியைத்தான் கொண்டு போகிறது. எலி விஷத்தையும் கண்ட இடத்தில் வைக்காதீர்கள். விஷம் தின்ற எலியைத் தின்று ஆந்தையும் சாகும். பிறகு எலிக்குத்தான் கொண்டாட்டம்!

அந்த மாணவன் இப்போது லாஸ்டிக்கைத் தொடுவதில்லை. சாயங்காலமானால் ஆந்தைப் பெட்டியைப் பார்க்கப் போகிறான். குஞ்சு பொரித்திருக்கிறதாம். இன்று மேடையில் பரிசு வாங்கும் பிள்ளைகளோடு அவனையும் நான் வாழ்த்துகிறேன்.