மானிப்பாய் வைத்தியர்

வன்னிக் கிராமமொன்றில், தேவாலய மண்டபத்தில் இலவச மருத்துவ முகாம். வெளிநாட்டுத் தொண்டர் ஸ்டெதஸ்கோப்போடு இருப்பார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. "நெஞ்சுக்குள்ள ஏதோ செய்யுது" என்று ஆச்சி சொன்னால், பாவம், அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

இதே மொழிச் சிக்கலை வேறு விதமாக எதிர்கொண்டவர் ஒருவர் உண்டு. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தவர். தமிழ் படித்தார். அங்கே மானிப்பாயில் மேலை மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். 'இரண வைத்தியம்' (அறுவை மருத்துவம்), 'மனுஷ அங்காதிபாதம்' (மனித உடற்கூறு) என்று பாடநூல்களும் வந்தன. மதம் பரப்பவும் வந்தவர்தான்; அதை அவர் மறைத்ததில்லை. ஆனால் 1873இல் ஊர் திரும்பும்போது, தமிழில் படித்த வைத்தியர்களை இங்கே விட்டுப் போனார்.

சில நாள் தொண்டுக்கு வருபவரிடம் இவ்வளவும் கேட்க முடியாது. ஊர்த் தாதி ஒருவரைப் பக்கத்தில் இருத்துங்கள் என்று கேட்கலாம்.