ஈயும் கையும் ஏந்தும் கையும்



அயல்நாட்டு உதவி என்ற சொல் காதுக்கு இனிமையானது. பசித்தவனுக்குச் சோறு, வெள்ளத்தில் தத்தளிப்பவனுக்குப் படகு. இதை மறுப்பவர் உண்டா? ஆனால் ஈயும் கை எப்போது விரிகிறது, எப்போது மூடிக்கொள்கிறது என்று எண்ணிப் பார்க்க வேண்டாமா? வங்க தேசத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டுவோம்.

1970 நவம்பரில் வீசிய பெரும்புயல், அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த அந்நிலத்தில் ஏறத்தாழ மூன்று இலட்சம் உயிர்களைக் குடித்தது. அடுத்த ஆண்டு விடுதலைப் போர். எரிந்த ஊர்களோடும் இடிந்த பாலங்களோடும் பிறந்தது புதிய நாடு. 1974-ல் பிரம்மபுத்திரா பெருக்கெடுத்தது. வயலில் வேலை போயிற்று, கூலி போயிற்று, அரிசி விலை மட்டும் ஏறிற்று.

அவ்வேளையில் அமெரிக்க வல்லரசு என்ன செய்தது? வங்க தேசம் கியூபாவுக்குச் சணல் சாக்கு விற்றிருந்தது. சணல்தான் அன்று அந்நாட்டின் பொன். கியூபாவோடு வாணிகம் செய்யும் நாட்டுக்கு உணவு உதவி இல்லை, எங்கள் சட்டம் தடுக்கிறது என்றது வாஷிங்டன். சாக்கு விற்றவனுக்குச் சோறு இல்லை! ஏற்றுமதியை நிறுத்தி டாக்கா பணிந்தது. பிறகு கப்பல்கள் வந்தன; பஞ்சமோ அதற்குள் தன் அறுவடையை முடித்திருந்தது. அரசின் கணக்கில் இறந்தோர் 26,000. ஆய்வாளர் மதிப்பீடுகளோ பல இலட்சம்.

பழி முழுவதையும் வாஷிங்டன்மீது சுமத்துவது நேர்மையாகாது. அவ்வாண்டு தலைக்குக் கிடைத்த உணவின் அளவு குறைந்துவிடவில்லை என்று அமர்த்தியா சென் காட்டினார். நெல் இருந்தது, உழைப்பாளியிடம் வாங்கக் காசு இல்லை. உள்நாட்டுப் பதுக்கல்காரனும் கொலைக்கு உடந்தை. ஆயினும் பசித்தவன் தட்டைப் பிடித்துக்கொண்டு பேரம் பேசியவனை வரலாறு மன்னிக்குமா?

மறுபக்கத்தையும் பாருங்கள். 1972-ல் புயல் முன்னெச்சரிக்கைத் திட்டம் தொடங்கிற்று. செஞ்சிலுவை இயக்கம் துணை நின்றது. அயலார் பணமும் வந்தது. ஆனால் ஒலிபெருக்கியோடும் கொடியோடும் ஊர் ஊராய் ஓடி மக்களை எழுப்பியவர்கள் அவ்வூர்த் தொண்டர்களே. இன்று அவர்கள் 70,000-க்கும் மேற்பட்டோர். 1991-ல் புயல் கொன்றது ஏறத்தாழ 1,40,000 பேரை. அதன்பின் புகலிடங்கள் பெருகின. 2020 அம்பன் புயலின்போது இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் முன்கூட்டியே காக்கப்பட்டனர். அந்நாட்டில் இறந்தோர் சில பத்துப் பேரே. மக்கள் கையை வலுப்படுத்தும் உதவி உயிர் காக்கிறது.

பத்மா பாலத்தையும் நினைவில் வையுங்கள். ஊழல் ஐயம் கூறி உலக வங்கி 120 கோடி டாலர் கடனை 2012-ல் விலக்கிக்கொண்டது. அதே விவகாரத்தில் கனடாவில் நடந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோர் 2017-ல் விடுவிக்கப்பட்டனர். வங்க தேசமோ தன் கருவூலத்துப் பணத்திலேயே ஆறு கிலோமீட்டருக்கும் நீண்ட பாலத்தைக் கட்டி 2022-ல் திறந்தது.

தோழர்களே! இன்று கடல் உயர்கிறது. உப்பு நீர் வயலில் ஏறுகிறது. அதற்குக் காரணமான புகையில் வங்க தேசத்தின் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. புகை விட்டவர்களோ, பருவநிலை நிதி என்று பெயரிட்டு, அதில் பெரும்பகுதியைக் கடனாகவே தருகிறார்கள். வீட்டுக்குத் தீ வைத்தவன் தண்ணீரை வட்டிக்கு விடுவதா?

இனி எவரேனும் உதவி என்று முழங்கினால் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் கையில் கொடுக்கிறீர்? எதைத் திரும்பக் கேட்கிறீர்? என்றைக்கு அவன் உம்மை வேண்டாதவன் ஆவான்? மூன்றாம் கேள்விக்கு விடை சொல்லத் தெரிந்தவனே உண்மையான நண்பன்.