அட்டையின் முதுகில் உள்ள மூன்று இலக்கம்
(தோட்டத்துக் குடும்பங்களின் கூட்டத்தில் பேசியது)



கொழுந்து நிறுத்துவிட்டு, தேத்தண்ணி குடிக்கக்கூட நேரமில்லாமல் வந்திருக்கிறீங்க. சுத்தி வளைக்காமல் விஷயத்துக்கு வாறேன்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு அம்மா என்னிடம் அழுதுகொண்டு வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் மலையில் நின்றவர். சேமலாப நிதிக் காசு அப்போதுதான் அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்திருந்தது. மகனின் ஃபோனுக்கு ஒரு குறுஞ்செய்தி: உங்கள் பார்சல் தபாலில் நிற்கிறது, 85 ரூபாய் கட்டுங்கள் என்று. பையன் உண்மையாகவே சப்பாத்து ஒன்று ஓடர் பண்ணியிருந்தான். அதனால் சந்தேகமே வரவில்லை. அம்மாவின் அட்டையை வாங்கி இலக்கங்களை அடித்தான். பிறகு வங்கி அனுப்பிய ஓ.டி.பி. இலக்கத்தையும் அடித்தான். போனது 62,000 ரூபாய். வங்கியின் செய்தியில் அந்தத் தொகை எழுதியே இருந்தது. அவசரத்தில் யார் வாசிக்கிறது?

பையனைத் திட்டிப் பிரயோசனமில்லை. படித்தவர்களும் இப்படி ஏமாறுகிறார்கள்.

அட்டையில் பெரும்பாலும் 16 இலக்கம் இருக்கும். முடிவுத் திகதி இருக்கும். முதுகுப் பக்கம் 3 இலக்கம் இருக்கும். இவ்வளவும் கள்ளன் கைக்குப் போனால், அட்டை உங்கள் தலையணைக்குக் கீழே இருந்தாலும் அவன் சாமான் வாங்குவான். சில வெளிநாட்டுக் கடைகள் ஓ.டி.பி.யும் கேட்பதில்லை. கடன் அட்டை என்றால் பில் வரும்போதாவது சண்டை பிடிக்கலாம். நம்மிடம் இருப்பது அநேகமாக டெபிட் அட்டை. கணக்கில் இருக்கிற காசு உடனே போய்விடும்.

அதனால் சேமலாபக் காசு கிடக்கும் கணக்கின் அட்டையை இணையத்தில் பாவிக்கவே வேண்டாம். அந்த அட்டைக்கு இணையக் கொள்வனவை நிறுத்தித் தரச்சொல்லி வங்கியில் கேளுங்க. பிள்ளைகள் ஏதும் வாங்கத்தான் வேண்டுமென்றால் வேறு சின்னக் கணக்கு ஒன்றில் தேவையான காசை மட்டும் போட்டு வாங்கட்டும். அதைவிட, சாமான் வீட்டுக்கு வந்ததும் காசு கொடுக்கிற முறை இருக்குதானே, அது நல்லது.

"பூட்டுப் படம் இருக்குது அண்ணே, பயமில்லை" என்று தம்பிமார் சொல்றாங்க. அந்தப் பூட்டு, நீங்கள் அனுப்புவதை வழியில் வேறொருவர் பார்க்க முடியாது என்று மட்டுந்தான் சொல்லும். கடைக்காரன் யோக்கியனா என்று சொல்லாது. கள்ளனும் பூட்டுப் போடுவான். குறுஞ்செய்தியில் வந்த லிங்கை அமத்தாமல், கடையின் முகவரியை நீங்களே அடித்துப் போங்க.

இன்னொன்று. உங்களுக்குக் காசு அனுப்ப ஒருவருக்குத் தேவையானது பெயர், வங்கி, கிளை, கணக்கு இலக்கம் மட்டும். அட்டையைப் படம் பிடித்து அனுப்பு, ஓ.டி.பி.யைச் சொல்லு என்றால் அவன் காசு தர வரவில்லை, எடுக்க வந்திருக்கிறான்.

காசு போய்விட்டால் வெட்கப்பட்டு லயத்துக்குள் குந்தியிருக்க வேண்டாம். அந்த நிமிஷமே வங்கிக்கு அடித்து அட்டையை நிறுத்துங்க. அடுத்த நாள் கிளைக்குப் போய் எழுத்தில் முறைப்பாடு கொடுத்துப் பிரதி ஒன்றை வாங்குங்க. பொலிசிலும் சொல்லுங்க. இலங்கை சேர்ட் அலுவலகத்தின் இலக்கம் 101. வங்கி கவனிக்காவிட்டால் மத்திய வங்கிக்கு 1935.

உங்கள் வங்கியின் இலக்கம் அட்டையின் பின்பக்கமே இருக்குது. அட்டை தொலைந்தால் அதுவும் போயிருமே! கூட்டம் முடிந்ததும் ஃபோனைக் கொண்டு வாங்க, பதிந்து தாறேன். இலக்கத்தை நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க, அட்டையை என் கையில் தர வேண்டாம்.