தொட்டியில் எதை ஊற்றுவது?

மொட்டை மாடியில் மண்ணில்லாமல் கீரை வளர்ப்பவர்கள் கோடையில் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "தொட்டியில் தண்ணீர் பாதியாகிவிட்டது. உரக்கரைசலை ஊற்றி நிரப்பட்டுமா?" அவசரம் வேண்டாம். முதலில் இ.சி. மீட்டரை முக்கிப் பாருங்கள்.

கரைந்த உரமும் உப்புதான். உப்பு கூடக் கூடக் கரைசலில் மின்சாரம் எளிதாகப் பாயும். அந்த மீட்டர் அளப்பது அதைத்தான். லெட்யூஸ் கீரைக்கு 1 முதல் 1.5 மில்லி சீமென்ஸ் போதும். தக்காளி 2-க்கு மேல் கேட்கும். கலிபோர்னியா ஆய்வாளர்கள் ஹோக்லாண்டும் ஆர்னனும் 1938-இல் வெளியிட்ட புகழ்பெற்ற உரக்கலவையைக்கூட, இளஞ்செடிகளுக்குப் பாதியாக நீர்க்கவைத்தே பலரும் கொடுக்கிறார்கள்.

மே மாத வெயிலில் செடி தண்ணீரை மடமடவென்று இழுக்கும். உப்பை அந்த வேகத்தில் எடுக்காது. மிச்சக் கரைசல் கெட்டியாகும். காலையில் 1.4 காட்டிய மீட்டர் மாலையில் 1.8 காட்டினால் வெறும் தண்ணீரை ஊற்றுங்கள். அப்போது உரம் சேர்ப்பது, சுண்டிய குழம்பில் மேலும் உப்புப் போடுவதுதான். வேரைச் சுற்றி உப்பு மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. காலடியில் தண்ணீர் இருந்தும் இலை துவளும், ஓரம் கருகும். அதைச் சத்துக்குறைவு என்று நினைத்து இன்னொரு மூடி உரம் ஊற்றுபவர்கள்தான் அதிகம்!

எண் இறங்கினால் செடிக்குப் பசி; உரம் சேர்க்கலாம். அப்படியே நின்றால், அதே அளவில் கலந்த கரைசலால் நிரப்பலாம்.

ஆனால் மீட்டருக்கு எது உரம், எது வெறும் உப்பு என்று தெரியாது. சென்னையில் பல வீடுகளின் போர் தண்ணீர் உரம் போடுமுன்பே 1-ஐத் தாண்டும். அதிலுள்ள சோடியத்தைச் செடி பெரிதாகத் தொடாது. அது தொட்டியிலேயே சேரும். 1.4 என்று பார்த்து நிம்மதியாக இருப்போம், செடியோ பட்டினி கிடக்கும். அதனால் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ நல்லது. எண் சரியாக இருந்தாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசலை முழுதாக மாற்றிவிடுங்கள்.

இதையே பி.பி.எம். கணக்கில் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சில மீட்டர்கள் 1 மில்லி சீமென்ஸை 500 பி.பி.எம். என்று காட்டும், சில 700 என்று காட்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண்ணை அப்படியே பின்பற்றாதீர்கள். அவர் மீட்டர் எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.

மாற்றிய பழைய கரைசலைச் சாக்கடையில் விடவேண்டாம். தண்ணீர் கலந்து வாழைக்கோ செம்பருத்திக்கோ ஊற்றலாம்.