எங்கள் பாட்டனாரும் கூந்தன்குளத்துப் பறவைகளும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவன் நான். மேடையேறிப் பேசும் புலமை எனக்கில்லை. ஆயினும், குடும்பப் பெரியவர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தபொழுது, என் தந்தையைப் பெற்ற பாட்டனாரின் முகமே என் கண்முன் வந்து நின்றது.

திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரி வட்டத்தில் உள்ள கூந்தன்குளம் எங்கள் ஊர். மழை பெய்து குளம் நிறைந்த ஆண்டுகளில், மார்கழி பிறந்ததும் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம் என்று அவற்றுள் பல வகை உண்டு. வரித்தலை வாத்து இமயமலையையே கடந்து வருவது. நாரையும் கூழைக்கடாவும் நம் நாட்டிலேயே நீரும் மரமும் தேடி அலைபவை. குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமன்றி, வீட்டுக் கொல்லைகளில் உள்ள வேம்பிலும் புளியிலும் அவை கூடு கட்டும். குஞ்சுகள் சிறகு முற்றி ஆனி, ஆடியில் பறந்து போகும்வரை, எங்கள் ஊரில் அவற்றை யாரும் கல்லெறிந்து விரட்டமாட்டார்கள். தீபாவளிக்கு வெடியும் கிடையாது.

இதனை வெறும் அழகென்று எண்ணிவிடாதீர்கள்! மரத்தடியில் எச்சமும் அழுகிய மீனும் சேர்ந்து வீசும் நாற்றம் சொல்லுந்தரமன்று. கொல்லையில் துணி உலர்த்த முடியாது. என் பாட்டி ஆறு மாத காலம் வீட்டு முன்வாசலிலேயேதான் வடகம் காயவைப்பாள். ஆனால் அந்த எச்சம் கலந்த குளத்து மண்ணையே உழவர்கள் வயலுக்கு அள்ளிச் செல்வார்கள். "நாம் அவற்றுக்கு மரம் கொடுக்கிறோம், அவை நமக்கு உரம் கொடுக்கின்றன. கணக்கு நேராய்ப் போயிற்று" என்பார் பாட்டனார். கணக்கெழுதும் தொழிலுக்கு வந்த எனக்கு, அதுவே முதற்பாடம் எனலாம்.

அவர் நான்கு சுவருக்குள் தங்கியவரல்லர். விடியுமுன் தோளில் துண்டும் வாயில் வேப்பங்குச்சியுமாகக் குளக்கரைக்குப் போய்விடுவார். கரை முழுவதும் ஒரு நடை நடந்து, அன்று எத்தனை கூடுகள், எத்தனை குஞ்சுகள் என்று பார்த்த பின்னரே வயலில் இறங்குவார். கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சைத் தூக்கி வந்து, சிறுமீன் ஊட்டி வளர்ப்பதும் அவர் வழக்கம்.

1991-ஆம் ஆண்டு எங்கள் வீட்டில் ஒரு பெரும் பூசல் எழுந்தது. மூன்று பிள்ளைகள், மருமக்கள், பேரர் என்று பதினான்கு பேர் இரண்டு அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தோம். கொல்லைப் புளியை வெட்டி விற்று, அவ்விடத்தில் இரண்டு அறை கட்டவேண்டும் என்றார் என் தந்தையார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பாட்டனாரோ, "ஏலே, பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த பிள்ளைகளை எவனாவது வாசலை விட்டு விரட்டுவானா?" என்று ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். தந்தையும் மகனும் பேச்சின்றி இருந்தனர். சிறுவனாகிய நானும், 'தாத்தாவுக்கு நம்மைவிடப் பறவைதான் பெரிது' என்று மனம் கசந்தேன்.

ஒரு மாதம் கழிந்தது. ஒருநாள் காலை பாட்டனார் மண்வெட்டியை எடுத்து, வீட்டின் முன்புறத் திண்ணையைத் தாமே இடிக்கத் தொடங்கினார். அவர் படுத்ததும், ஊரார் வந்தால் அமர்ந்து பேசியதும் அந்தத் திண்ணையில்தான். அவ்விடத்தில் அறை எழுந்தது. அவருடைய கயிற்றுக் கட்டில் முற்றத்து வானத்தின்கீழ் போயிற்று. இறுதிவரை அங்கேதான் படுத்தார். பிறருக்கு இடம் கொடுப்பது என்றால், முதலில் தன் இடத்தைக் கொடுப்பது என்று அவர் வாயால் சொன்னதில்லை. செய்து காட்டினார்.

1994-இல் அரசினர் எங்கள் குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தனர். பின்னர் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. இச்சிறப்புகளுக்கெல்லாம் முன்பே அதனைக் காத்தவர்கள், என் பாட்டனாரைப் போன்ற பெயர் தெரியாத குடியானவர்கள் என்பதை இங்கே பெருமையுடன் கூறிக்கொள்கிறேன்.

இனி நான் சொல்லப்போவது பெருமையன்று. 2005 மார்கழியில் அவர் இந்த ஜபல்பூருக்கு வந்து, என் குவார்ட்டர்ஸில் இருபது நாள் தங்கினார். நருமதையைப் பார்க்கவேண்டும் என்று மும்முறை கேட்டார். வேலை, குளிர் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். ஒருநாள் விடியற்காலையில் கட்டிலில் ஆளில்லை. எண்பது வயதுக் கிழவர், ஒரு சொல் இந்தி அறியாதவர்! நாங்கள் பதறித் தேடினோம். உச்சிப் பொழுதில் குவாரிகாட்டிலிருந்து நடந்தே திரும்பினார். அண்டை வீட்டார் பார்க்க, நான் அவரைக் கடிந்துகொண்டேன். அவர் சினக்கவில்லை. "விடியற்காலையில் கொக்கு போகிற திசையில்தானே ஆறு இருக்கும்? நம் ஊர் நீர்க்காகம் இங்கேயும் இருக்கிறதப்பா" என்றார். அதுவே அவர் இவ்வூரில் அடைந்த மகிழ்ச்சி. அதனைக்கூட நான் அவருடன் சென்று பகிர்ந்துகொள்ளவில்லை.

மறு ஆண்டு ஆவணியில் அவர் காலமானார். இரண்டு நாள் இரயிலில் பயணம் செய்து நான் போய்ச் சேர்ந்தபொழுது, எல்லாம் முடிந்திருந்தது. புளியமரம் வெறுமையாய் நின்றது. அடுத்த மாசியில் விடுப்பெடுத்து மீண்டும் ஊருக்குப் போனேன். மரம் நிறைய நாரைகள்! அதன் அடியில் ஒருவர் குந்தியமர்ந்து, விழுந்த குஞ்சின் வாயில் மீனை வைத்துக்கொண்டிருந்தார். அவர் என் தந்தையார். அந்த மரத்தை வெட்டவேண்டும் என்றவரும் அவரே.

அன்பர்களே! நாமும் பிழைப்பைத் தேடி ஊர்விட்டு வந்தவர்கள். நமக்கும் இவ்வூர் தங்க மரம் கொடுத்திருக்கிறது. இப்பொழுது ஞாயிறுதோறும் விடியற்காலையில் என் மக்கள் இருவரையும் நருமதைக் கரைக்கு அழைத்துச் செல்கிறேன். பறவைகளின் தமிழ்ப் பெயர்களை அங்கேதான் அவர்கள் கற்கிறார்கள். உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். உங்கள் வீட்டில் முதியவர் யாரேனும் ஆற்றைக் காட்டு என்று கேட்டால், அன்றே அழைத்துச் செல்லுங்கள். நாளைக்கென்று தள்ளிவைக்காதீர்கள்.