பதினைந்து வயதுக்கு ஒரு பாய்



சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் தம் கடைசிக் காலத்தை இந்தப் பெங்களூரில்தான் கழித்தார். 1962இல் இங்கே ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972இல் இங்கேயே காலமானார். அவருடைய ஐந்து விதிகளைத் தேர்வில் எழுதாமல், நூலக அறிவியலில் இன்று பட்டம் பெறும் உங்களில் யாரும் இந்த அங்கியைப் போட்டிருக்க முடியாது. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்கிற இரண்டாவது விதியை மட்டும் இன்று கையில் எடுத்துக்கொள்கிறேன்.

நம் பொது நூலகம் ஏதாவது ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். சிறுவர் பகுதியில் நாற்காலிகள் முழங்கால் உயரம். அடுத்த அறையில் பெரியவர்கள் செய்தித்தாள் புரட்டுகிறார்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் காலையிலேயே மேசையைப் பிடித்துவிடுகிறார்கள். பதினைந்து வயதுப் பையன் எங்கே உட்காருவான்? வாசலில் கொஞ்ச நேரம் மொபைலைப் பார்த்துக்கொண்டு நிற்பான், பிறகு போய்விடுவான். அவனைத் தேடிக்கொண்டு நாம் யாரும் வெளியே போவதில்லை.

ஆனால் அந்த வயதைத்தான் எல்லாமே தேடி வருகிறது. வீட்டில் அப்பாவின் பெல்ட், பள்ளியில் சாதி ஒட்டிய பட்டப்பெயர், காதல் என்ற பேரில் பின்தொடர்கிற ஆள், தெருவில் யாரோ கையில் திணிக்கும் கல்.

வன்முறை நூலகத்துக்கு வெளியே இருக்கிற விஷயம் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது. ரங்கநாதன் ஆலோசனை சொல்லி உருவான யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவு கொளுத்தப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. இந்த ஊருக்கும் காயங்கள் உண்டு. 1991 டிசம்பரில் காவிரித் தண்ணீரின் பேரால் தமிழர்கள் அடிபட்டார்கள். அதே காவிரியின் பேரால் 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்தன, ஊரடங்கு போட்டார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் வளரும் பிள்ளைகளுக்காக, செய்ய முடியாத காரியம் எதையும் உங்களிடம் கேட்கவில்லை. குப்பை பொறுக்கும் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக ஹசிரு தள அமைப்பு இங்கே ‘புகுரி’ என்ற சமூக நூலகத்தை நடத்துகிறது. புகுரி என்றால் கன்னடத்தில் பம்பரம். 2020இல் கர்நாடக அரசு ‘ஓதுவ பெளகு’ திட்டத்தில், 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைக் கிராமப் பஞ்சாயத்து நூலகங்களில் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. இங்கே சொத்து வரி கட்டுகிற ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். ஆக, வாசலில் நின்ற அந்தப் பதினைந்து வயதுப் பையனுக்கு நூலகத்தில் உரிமை இருக்கிறது. அவன் உட்கார ஒரு பாயும், பக்கத்தில் உட்கார ஓர் ஆளும்தான் தேவை. அந்த ஆள் நீங்கள்.

2016இல் ஒரு பேட்டை நூலகத்தில் வாரம் ஒரு மாலை வாசிப்பு வட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். (பிள்ளைகள் யாரென்று தெரியாதபடிதான் சொல்கிறேன். நீங்களும் எப்போதும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.) வட்டத்தில் சட்டம் ரொம்பக் குறைவு. பேசப் பிடிக்காதவர் புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடலாம். ஒருவர் பேசும்போது யாரும் புத்தி சொல்லக் கூடாது, நான் உட்பட. சுவரில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பெரிதாக எழுதியிருக்கும். யாராவது ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் ரகசியம் காக்க மாட்டேன், உதவிக்கு ஆள் அழைப்பேன் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அந்தச் செப்டம்பர்க் கலவரம் அடங்கி நூலகம் திறந்ததும், சிறுவன் அம்பேத்கரின் பள்ளிக்கூடத் தண்ணீர்க் கதையை எடுத்தோம். சாதியின் பேரால் அவர் குழாயைத் தொடக் கூடாது, பியூன் வந்து திறந்துவிட்டால்தான் அவருக்குத் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டியதுதான். நாங்களே கையால் எழுதி ஜெராக்ஸ் எடுத்த தாள் அது. இடப்பக்கம் கன்னடம், வலப்பக்கம் தமிழ்.

வாசித்து முடித்ததும் ஒருவன் கேட்டான்: “யாரும் அடிக்கலையே அக்கா, இது வன்முறையா?”

யாரும் பேசவில்லை. பிறகு தமிழ் வீட்டுப் பெண் ஒருத்தி, எட்டாம் வகுப்பு, சொன்னாள்: “பஸ்ல போன் வந்தா எடுக்காதேன்னு அம்மா சொல்லியிருக்காங்க. எடுத்தா தமிழ்ல பேசணுமே.”

எதிரே உட்கார்ந்திருந்த கன்னடப் பையன் தாளின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே இருந்தான். தன் அண்ணன் அன்றைக்குக் கூட்டத்தோடு போனான் என்றான். அவ்வளவுதான். எனக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. என் சட்டத்தை நானே மீறக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். இத்தனை வருட வேலையில் நான் உருப்படியாகச் செய்த காரியங்களில் அதுவும் ஒன்று.

கொஞ்ச நேரம் கழித்து அவனே அவளிடம் கேட்டான், கன்னடத்து ‘நல்லி’க்குத் தமிழில் என்னவென்று.

“குழாய்.”

“குளாய்.”

“குளாய் இல்ல. குழாய். நாக்கை மடி.”

நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தான். வரவில்லை. மற்ற பிள்ளைகளும் ஆளுக்கு ஆள் முயன்றார்கள். உருது பேசும் வீட்டுப் பெண் ஒருத்திக்கு மட்டும் சட்டென்று வந்துவிட்டது, எப்படி என்று அவளுக்கே தெரியவில்லை.

அடுத்த வாரம் அந்தப் பையன் தன் அண்ணனைக் கூட்டி வந்தான். பத்தொன்பது வயது இருக்கும். உள்ளே வரவில்லை, செருப்பைக் கழற்றாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துகொண்டான். நாங்கள் பாயை வாசல் வரை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தோம்.